ஏட்டுத் திணையும் நாட்டுத் திணையும்

தமிழ் பயிலும் மாணவர் எவரையேனும் நிறுத்தி, குறிஞ்சித் திணையின் கருப்பொருள்கள் யாவை என வினவிப் பாருங்கள். சேயோன், குறவர், புலி, யானை, கரடி, வேங்கை, காந்தள், தினை, தொண்டகப் பறை எனத் தங்குதடையின்றிச் சொல்லி முடிப்பர். குறிஞ்சிப் பூவைக் கண்டதுண்டா என்று அடுத்து வினவுங்கள். வகுப்பறையில் அமைதி நிலவும். அந்த அமைதிக்கு மாணவரைக் குறை கூறுதல் பொருந்தாது. ஏனெனில், அவ்வினாவை நம்மை நோக்கி எவரேனும் தொடுத்திருந்தால் நாமும் தலைகுனிந்துதான் நின்றிருப்போம்.

பதினெட்டு ஆண்டுகளாகச் சங்க இலக்கியம் கற்பித்து வருகிறோம். 2018ஆம் ஆண்டு கொடைக்கானல் மலைச்சரிவுகளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி பூத்தது. செய்தித்தாள்கள் அதனை வண்ணப் படங்களாக வெளியிட்டன. அந்த நாள்களில் நாம் வகுப்பறையில் குறிஞ்சித் திணைப் பாடல்களுக்கு உரை சொல்லிக்கொண்டிருந்தோம். சில மணி நேரப் பயணத் தொலைவில் மலை நீலமாக இருந்தது. நாமோ கரும்பலகையில் வெண்சுண்ணத்தால் ‘குறிஞ்சி’ என்று எழுதிக்கொண்டிருந்தோம். அப்பொழுது அது ஒரு பிழையாகவே நமக்குத் தோன்றவில்லை.

அதனைப் பிழையென உணர்த்தியது ஓர் ஆடு. சில ஆண்டுகளுக்கு முன்னர்க் குடும்பத்தாருடன் ஆழியாற்றிலிருந்து வால்பாறை செல்லும் மலைச்சாலையில் பயணம் செய்தோம். நாற்பது கொண்டையூசி வளைவுகள் கொண்ட சாலை அது. ஒன்பதாவது வளைவில் வண்டி நின்றபொழுது, செங்குத்தான பாறை விளிம்பில் விலங்கொன்று அசையாது நின்றது. “உம்மா, அது என்ன ஆடு? விழுந்துவிடாதா?” என்று மகள் கேட்டாள். சற்று நேரம் விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. ‘வருடை என்பது வரையாடு’ என்று எத்தனை நூறு முறை எழுதிப் போட்டிருப்போம்! நம் மாநில விலங்கும் அதுவே. நாற்பது வயதைக் கடந்த பின்னரே அதனை முதன்முதலாகக் காண்கிறோம். மனிதன் கால்வைக்க அஞ்சும் பாறையில் அது நிதானமாக இறங்கிச் சென்றதைக் கண்டபொழுதுதான், புலவர்கள் அதனை மலையின் உச்சியில் ஏன் நிறுத்தினர் என்பது விளங்கிற்று. உரையாசிரியர் ஒரு சொல்லில் தந்த பொருளை அந்த விலங்கு நான்கு அடிகளில் விளக்கிச் சென்றது.

காணாமைக்குக் காரணம்

இதுகாறும் காணாமல் இருந்தமைக்குக் காரணம் என்னவென்று பிறகு எண்ணிப் பார்த்தோம். நாம் மாணவியாக இருந்த காலத்திலும் கல்லூரிகளில் சுற்றுலா இருந்தது. இறுதியாண்டில் ஒருமுறை, எட்டு நாள்கள், வடநாட்டுப் பயணம். இரவுகளில் தொடர்வண்டி, பகலில் அரண்மனைகளும் கடைத்தெருக்களும். நாம் பெயர் கொடுக்கவில்லை. வாப்பாவிடம் கேட்கவுமில்லை. கேட்டால் மறுப்பார் என்பது தெரியும். மறுத்துவிட்டு அவர் வருந்துவார் என்பதும் தெரியும். ஆதலின் அவருக்கு அந்த வருத்தத்தைக் கொடாதிருப்பதே நன்றென எண்ணினோம். வகுப்பிலிருந்த மாணவியருள் பெரும்பாலோர் நிலையும் அதுவே. மாணவருள்ளும் கட்டணம் செலுத்த இயலாமையால் காய்ச்சல் என்று சொல்லி விடுப்பெடுத்தவர் இருந்தனர். சென்று வந்தவர்கள் ஒளிப்படங்களைக் காட்டினர். செல்லாதவர்கள் சுற்றி நின்று பார்த்தோம்.

இன்றும் பல கல்லூரிகளில் இந்நிலை பெரிதும் மாறிவிடவில்லை. ஊர்களின் பெயர்கள் மாறியிருக்கலாம். வண்டியில் இசைக்கருவியின் ஒலி கூடியிருக்கலாம். கல்விச் சுற்றுலா என்னும் பெயரில் நடப்பது ஆண்டுக்கு ஒருமுறை, வெகுதொலைவுக்கு, பொருளும் இசைவும் வாய்த்த சிலர் மேற்கொள்ளும் பயணமே. அப்பயணத்தால் மகிழ்ச்சி விளையும் என்பதை மறுக்கவில்லை. ஆனால், அதில் கல்வி எவ்வளவு, அக்கல்வி எத்தனை பேருக்கு என்பன ஆசிரியராகிய நாம் கேட்க வேண்டிய வினாக்கள்.

நம் கருத்து இதுதான். தமிழ்த்துறையின் சுற்றுலா தமிழ் மாநிலத்திற்குள்ளேயே அமைதல் வேண்டும். காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பும் தொலைவில், எல்லா மாணவரும் எல்லா மாணவியரும் பங்குகொள்ளும் வகையில், பாடத்தின் ஒரு பகுதியாகவே அமைதல் வேண்டும். அயல்நாடு காண்பது தவறு என்பது இதன் பொருளன்று. தன் வீட்டு முற்றத்தை அறியாதவன் அயல்வீட்டு மாடத்தை வியப்பதில் நிறைவில்லை என்பதே பொருள்.

நம்மிடம் உள்ளவை

காண்பதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று வினவுவோர்க்குச் சில செய்திகளை நினைவூட்டல் நலம். தமிழ்நாட்டில் ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையில் அமைந்த இந்திரா காந்தி தேசியப் பூங்கா, சென்னை மாநகரின் நடுவே உள்ள கிண்டி, மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா என்பன அவை. உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் மாமல்லபுரம் 1984ஆம் ஆண்டிலும், தஞ்சைப் பெரிய கோயில் 1987ஆம் ஆண்டிலும் இடம்பெற்றன. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004ஆம் ஆண்டில் தஞ்சையோடு இணைந்தன. நீலகிரி மலை இரயில்பாதை 2005ஆம் ஆண்டிலும், முக்கூர்த்தியை உள்ளடக்கிய மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகள் 2012ஆம் ஆண்டிலும், செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டிலும் அச்சிறப்பைப் பெற்றன.

பட்டியல் ஒன்றே பயன் தாராது. தமிழ் மாணவர்க்குரிய தனிப் பயன் ஒன்று உண்டு. பிறர்க்குக் காடு வேறு, கோட்டை வேறு. இயற்கை வேறு, வரலாறு வேறு. நிலத்தையும் அந்நிலத்து மாந்தர் வாழ்வையும் பிரிக்காமல் திணை என்னும் ஒரே சொல்லில் அடக்கியது தமிழ் இலக்கணம். ஆகவே பூங்காவையும் தொன்மைச் சின்னத்தையும் ஒரே நாளில், ஒரே பாடமாகக் காணும் உரிமை நமக்கு இயல்பாகவே உண்டு. தென்மாவட்டத்துக் கல்லூரியாகிய நம் அருகில் உள்ளவற்றையே எடுத்துக்கொண்டு இதனை விளக்குவோம்.

முல்லைக்குச் செல்வோம். முல்லைப் பாடல்களில் முறுக்கிய கொம்புடைய இரலை மான் பிணையோடு துள்ளி வருவதைக் கண்டு தலைவன் வீடு நோக்கித் தேரைச் செலுத்துவான். தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் அந்த மானினத்துக்கென 1987ஆம் ஆண்டு முதல் ஒரு சரணாலயமே இருக்கிறது. இந்தியாவில் அவ்வினம் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுவே. அங்கிருந்து சிறிது தொலைவில் ஆதிச்சநல்லூர். 1876ஆம் ஆண்டிலேயே அகழப்பட்ட அவ்வூரில், 2023ஆம் ஆண்டு முதல் கண்ணாடித் தரையின்மீது நின்று கீழேயுள்ள முதுமக்கள் தாழிகளைக் காண வழி செய்யப்பட்டுள்ளது. கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யுமாறு குயவனை வேண்டும் புறநானூற்றுப் பாடலை நாம் நடத்துகிறோம். தாழியின் அளவை ஒருமுறை கண்ணால் கண்ட மாணவர்க்கு அவ்வேண்டுகோளின் கனம் வேறுவிதமாகப் புரியும். அதற்கு எந்த உரைநூலும் ஈடாகாது.

மருதத்தைக் காண வேண்டுமெனில் ஏரிகளை நாடுவோம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடலாகாது என்பதற்காக, அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்களோ 1798ஆம் ஆண்டிலேயே, தம் ஏரிப் பறவைகளை எவரும் சுடலாகாது என ஆங்கிலேய ஆட்சியரிடம் எழுத்து மூலம் உரிமை பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. வயலுக்கு உடையவன் பறவைக்குக் காவலனானான். மருதத்தின் பொருளாதாரத்தை இதனினும் எளிதாக விளக்க இயலுமோ?

பாலைக்குத் தனி நிலம் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். கோடையில் முதுமலைச் சாலையில் சென்றவர் இதனைக் கண்டிருப்பர். கார்காலத்தில் பச்சைப் போர்வையாக இருந்த அதே காடு இலையுதிர்த்து, புழுதி படிந்து, தீக்கு அஞ்சி நிற்கும். வேனிலில் பிடியின் பசி தீர்க்கக் களிறு மரப்பட்டையை உரிப்பதாகப் பாலைப் பாடல்கள் கூறும். பட்டை உரிந்து வெள்ளையாக நின்ற மரமொன்றை அங்கே வனக்காவலர் ஒருவர் நமக்குச் சுட்டிக் காட்டி, யானையின் வேலை என்றார். அவர் சங்க இலக்கியம் படித்தவரல்லர். ஆயினும் புலவர் கண்டதையே அவரும் கண்டிருந்தார். படித்த நாம் காணாதிருந்தோம்.

கடலும் கல்லும்

நெய்தலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அது நம் வாசல். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்து அமைந்தது மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா. 1986ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட அதனை உள்ளடக்கி, 10,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு 1989ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பவளப் பாறைகளும் கடற்புல்வெளிகளும், நம் கரையோர மக்கள் ஆவுளியா என வழங்கும் கடற்பசுவும் அங்கு உள்ளன. ஆவுளியாவுக்கென 448 சதுர கிலோமீட்டரில் இந்தியாவின் முதல் காப்பகம் 2022ஆம் ஆண்டில் அமைந்ததும் அருகிலுள்ள பாக் விரிகுடாவில்தான்.

இங்குள்ள கீழக்கரை, வள்ளல் சீதக்காதியின் ஊர். அவர் காலத்து ஜும்ஆப் பள்ளிவாசலில் வரிசையாக நிற்கும் கல்தூண்களையும் போதிகைகளையும் காண்பவர், பாண்டிய நாட்டுச் சிற்பியின் உளி அங்கே பேசுவதை உணர்வர். உருவங்கள் இல்லை, கொடியும் மலரும் உண்டு. தூணின் மரபு தமிழ். தொழுகையின் திசை மக்கா. தமிழ் முஸ்லிம் என்னும் தொடருக்குக் கல்லில் எழுதப்பட்ட விளக்கம் அது. அவ்வள்ளலின் ஆதரவைப் பெற்ற உமறுப்புலவர் அடங்கியிருப்பது எட்டயபுரத்தில். பாரதியார் பிறந்ததும் அவ்வூரே. சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தைப் பயின்றோர் அறிவர்: அங்கே அரபு நாடு மழையும் ஆறும் வயலும் கொண்ட மருதமாகவே காட்சியளிக்கிறது. காணாத நாட்டைப் பாட வந்த புலவர், கண்ட நாட்டின் வளத்தையெல்லாம் அதற்கு அணிவித்தார். தன் நிலத்தைக் கூர்ந்து கண்டவராதலின் அவரால் அது முடிந்தது. இன்று உமறுவைப் பயிலும் நம் மாணவர்க்கு அந்த நிலமும் ஏட்டில்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டுகளில் ஒருமுறை, துறை மாணவியரை இக்கடற்கரைக்கு ஒருநாள் அழைத்துச் சென்றோம். சுப்ஹுத் தொழுகைக்குப் பின் புறப்பாடு. இஷாவுக்கு முன் திரும்புதல் என்று பெற்றோர்க்கு எழுதினோம். விரும்பும் தாய்மார் உடன் வரலாம் என்றும் குறித்திருந்தோம். இரண்டு தாய்மார் வந்தனர். எந்தப் பயணத்துக்கும் பெயர் கொடாத மாணவியொருத்தி அன்று வந்தாள். கடலிலிருந்து கூப்பிடு தொலைவில் பிறந்து வளர்ந்தவள் அவள். நெய்தல் வினாக்களுக்கு வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுடையதே. கண்ணாடி அடித்தளம் கொண்ட படகில் குனிந்து பவளப் பாறைகளையும் மீன்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சங்கு குளிக்கச் சென்ற தன் பாட்டனார் கடலுக்கடியில் தோட்டம் இருப்பதாகச் சொல்வார் என்றும், தன்னை உறங்கவைக்கச் சொன்ன கதை என்றே இதுநாள்வரை எண்ணியிருந்ததாகவும் திரும்பி வரும்பொழுது கூறினாள். பாட்டனார் மறைந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. தாம் சொன்னது மெய்யென்று பேத்தி அறிந்துகொண்டதை அவர் அறிய வழியில்லை.

அம்மாணவியின் சொற்கள் நம்மை விட்டு அகலவில்லை. ஒரு தலைமுறை தன் உடலால் அறிந்திருந்ததை அடுத்த தலைமுறை கதையென எண்ணுகிறது. அதற்கடுத்த தலைமுறைக்கு அக்கதையும் எஞ்சாது.

எஞ்சாமற் போவதற்குச் சான்றும் அக்கடலிலேயே உண்டு. அந்த 21 தீவுகளுள் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் உள்ளன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப் பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்தமை அதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001ஆம் ஆண்டில்தான் பவளம் வனவுயிர்ச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது. வெட்டியவர்களைக் கொடியவர் என்று சொல்ல மனம் வரவில்லை. அது உயிர் என்று அவர்களுக்கு எவரும் காட்டவில்லை.

கண்டவர் காத்தனர்

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியொன்று மதுரைக்கு அருகிலேயே நடந்தேறியது. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியில் குன்றுகளும் சுனைகளும் குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்துக்களும் ஓரிடத்தே அமைந்துள்ளன. வல்லூறு இனங்கள் அக்குன்றுகளில் கூடு கட்டுகின்றன. அதனை அடுத்த மீனாட்சிபுரத்தில்தான் நெடுஞ்செழியன் பெயர் குறிக்கும் மாங்குளம் கல்வெட்டுகள் 1882ஆம் ஆண்டு கண்டறியப்பட்டன. இரண்டு ஊர்களையும் சேர்ந்த 193 எக்டேர் நிலம் 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், அப்பகுதியை உள்ளடக்கி டங்சுடன் கனிமச் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்ட செய்தி வெளிவந்தது. ஊரார் எழுந்தனர். உழவரும் பெண்டிரும் மாணவரும் திரண்டனர். சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025ஆம் ஆண்டு சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது.

அவ்வூர் மக்கள் எதைக் கொண்டு வாதாடினர் என்பதைக் கவனித்தல் வேண்டும். இது எங்கள் வயல் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. இந்தக் குன்றில் இன்ன பறவை இருக்கிறது, இந்தப் பாறையில் இன்ன எழுத்து இருக்கிறது, இந்தச் சுனை இன்ன ஏரிக்கு நீர் தருகிறது என்று பெயர் சொல்லி வாதாடினர். பெயர் அறிந்தமையால் உரிமை கோர முடிந்தது. அங்கே வாதிட்ட மக்களுக்குக் குரல் இருந்தது. பவளத் தீவுகளுக்காகப் பேச அன்று குரல் இல்லை. காட்சியிலிருந்து அறிவு, அறிவிலிருந்து பற்று, பற்றிலிருந்து காவல். இந்த வரிசையில் முதற்படியை விலக்கிவிட்டு இறுதிப் படியை மாணவரிடம் எதிர்பார்ப்பது முறையாகாது.

எழக்கூடிய தடைகள்

பெரியோர்களிடமிருந்து எழக்கூடிய ஐயங்களை மதித்து விடை கூறுவது நம் கடமை.

கோயில்களுக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வதா என்பது முதல் ஐயம். வழிபடுதல் வேறு, படித்தல் வேறு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தனர், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீட்டில் வாழ்ந்தனர் என்பனவெல்லாம் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பெண்களின் பெயர்களை வேறெந்த ஏட்டில் நம் மாணவியர் படிக்க முடியும்? அவ்வாறே பிற சமய மாணவரும் நம் கல்லூரியில் பயில்கின்றனர். அவர்கள் கீழக்கரைப் பள்ளிவாசலின் தூண்களையும், தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் எழுப்பிய நாகூர்ப் பெரிய மினாராவையும் நம் பிள்ளைகளோடு நின்று காணட்டும். செஞ்சிக் கோட்டையில் வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் ஒரே மதிலுக்குள் உள்ளன. தேசிங்குராசன் கதைப்பாடலில், தன் திருமணப் பந்தலை விட்டெழுந்து நண்பனுக்காகக் களம் புகுந்து உயிர்விட்ட மாவீரன் ஒரு முஸ்லிம். அந்தப் பாடலை அந்த மலையின் அடியில் நின்று கேட்கும் இளைஞர், ஒருவரையொருவர் அயலார் என எண்ணுவது அரிது.

கூட்டம் கூட்டமாகச் சென்றால் காடு அழியாதா என்பது இரண்டாம் ஐயம். மெய்யான ஐயம் இது. தெப்பக்காட்டு யானை முகாமைப் பற்றிய ஆவணப்படம் 2023ஆம் ஆண்டு ஆசுகார் விருது பெற்றபின், அம்முகாமின் பெயர் அறியாதவர் இல்லை என்னும் நிலை ஏற்பட்டது. புகழ் கூட்டத்தையும், கூட்டம் குப்பையையும் கொண்டுவரும். முக்கூர்த்தியில் மக்கள் செல்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருப்பது நல்லதே. அங்கே செல்லாதிருப்பதுதான் வரையாட்டுக்கு நாம் செய்யும் மரியாதை. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் காணப்பட்ட வரையாடுகள் 1,031 மட்டுமே என்பதை நினைவிற் கொள்க. காண்பதற்கு இசைவுள்ள இடத்தில், இசைவுள்ள அளவில், தாழ்ந்த குரலில் காண்போம். ஒரே நேரத்தில் நூறு பேர் செல்லாமல் இருபது பேராகச் செல்வோம்.

மூன்றாவது, நம் மீதே நாம் கூற வேண்டிய குறை. சமணக் குகைகளிலும் கோட்டை மதில்களிலும் ஆணியால் கீறப்பட்ட பெயர்களைக் காணாதவர் இல்லை. அவற்றுள் பல கல்லூரி மாணவர் பெயர்கள். சில பெயர்களின் கீழ்க் கல்லூரியின் பெயரும் இருக்கும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சிதைப்போர்க்கு, 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஈராண்டு வரை சிறையோ ஓரிலட்ச ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தைச் சொல்லி அச்சுறுத்துவதனினும் சிறந்த வழி ஒன்று உண்டு. திருக்கோவலூர்ப் பகுதியில் ஜம்பை என்னும் ஊரின் பாறையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. 1981ஆம் ஆண்டில்தான் அது கண்டறியப்பட்டது. ஔவை பாடிய அஞ்சி, புலவரின் கற்பனையல்லன் என்று சான்று கூறியது அந்த ஒரு வரி. கல்லில் பெயர் எழுதும் தகுதி எவருக்கு, எதற்காக வந்தது என்பதை அறிந்த மாணவனுடைய கை அதன் அருகில் ஆணியைக் கொண்டு செல்லாது.

செய்யத்தக்கன

இறுதியாக, துறைக்கும் ஆட்சிக்குழுவினர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் சில வேண்டுகோள்கள். பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை இதற்கென ஒதுக்கப்படல் வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் ஆறு நாள்கள் அமையும். ஐந்து திணைக்கு ஐந்து நாள். எஞ்சிய ஒருநாள் கல்வெட்டுக்கு. புறப்படுவதற்கு முந்திய வாரம் அந்நிலத்துக்குரிய பாடல்களும் வரலாறும் வகுப்பில் நடத்தப்படல் வேண்டும். திரும்பிய பின் ஒவ்வொருவரும் இரண்டு பக்கக் குறிப்பு எழுதுதல் வேண்டும். சிறந்தவற்றை இம்மலரிலேயே வெளியிடலாம். தாய்மார் உடன் வர இடம் வைத்தல் வேண்டும். அவர்களும் காணாதவர்களே, அவர்களுக்கும் அது முதற்காட்சியாக அமையும். கட்டணம் செலுத்த இயலாத மாணவர் பொய்க் காய்ச்சல் சொல்லும் நிலை வாராதிருக்க, ஊர்ச் செல்வந்தர் ஒருநாள் பேருந்துச் செலவை ஏற்றுக்கொள்வாராயின், அது கல்விக்குச் செய்த நற்கொடையாகவே அமையும்.

நம் வாப்பா இன்று உயிருடன் இல்லை. இத்தகைய கடிதமொன்று, காலையில் சென்று இரவில் திரும்புவோம், உம்மாவும் வரலாம் என்ற குறிப்போடு, அன்று அவர் கைக்கு வந்திருந்தால் அவர் மறுத்திருக்கமாட்டார் என்றே நம்புகிறோம். அப்படியொரு கடிதத்தை அவருக்கு எவரும் எழுதவில்லை. பெற்றோர் இசையவில்லை என்று சொல்வதற்கு முன்னர், இசையத்தக்க ஒன்றை நாம் அவர்கள் முன் வைத்தோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கொடைக்கானல் மலையில் குறிஞ்சி 2006ஆம் ஆண்டு பூத்தது. 2018ஆம் ஆண்டு பூத்தது. அடுத்து 2030ஆம் ஆண்டு பூக்கும். இன்று பள்ளியில் பயிலும் நம் ஊர்ப் பெண்மக்கள் சிலர் அப்பொழுது இத்துறையின் வகுப்புகளில் அமர்ந்திருப்பர். அந்நாளில் குறிஞ்சித் திணையின் கருப்பொருளை வினவும் ஆசிரியர் எவராயினும், அடுத்ததாக அவர் வினவும் வினாவுக்கு வகுப்பறையில் அமைதி நிலவக்கூடாது. அதற்கான பேருந்தை இப்பொழுதே பேசி வைப்போம்.